இரண்டு கன்னம், இரண்டு கிரீம்

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

பஞ்சு மார்க்கெட்டில் டூட்டி முடித்துத் தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் கோடு. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாய் மங்கு. டிராபிக் போலீஸ் வேலை தந்த சீர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்பனா வந்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய தங்கை, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு டப்பாவை எடுத்து வைத்தாள். முகக் கிரீம், பன்னிரண்டாயிரமாம். எனக்குக் காபி புரையேறிவிட்டது.

"வெளிநாட்டுச் சரக்கு மதினி. உங்க மங்கு போயிருச்சுன்னா வேற விளம்பரமே வேண்டாம்" என்றாள்.

டீச்சர் வேலையை விட்டுவிட்டு இந்தக் கிரீமுக்கு ஏஜென்சி எடுக்கப் போகிறாளாம். அதற்கு லோன். லோனுக்கு எங்கள் செட்டியார்பட்டி வீட்டுப் பத்திரம். என் அப்பா கொடுத்த இடம், என் பெயரில் இருக்கும் வீடு. இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுப் பாக்கேன். மங்குக்குக் கேட்டுச்சுன்னா கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

9 ஏப்ரல், புதன்

ஸ்டேஷனில் பியூலாவிடம் சொன்னேன். என்னோடு டூட்டி பார்க்கிற பிள்ளை.

"ரெண்டு கன்னத்துக்கும் ஒரே வெயிலுதானக்கா. ஒரு பக்கம் அதைப் போடுங்க, மறுபக்கம் மெடிக்கல்ல விக்கிற சாதா கிரீமைப் போடுங்க. தெரிஞ்சிரும்லா?"

வெயிலுக்குத் தடவும் கிரீம் மட்டும் இரண்டு பக்கமும். அதை நான் இதுவரை ஒருநாளும் ஒழுங்காகப் போட்டதில்லை.

இன்று தொடக்கம். இடது கன்னம் கல்பனாவின் டப்பா. வலது கன்னம் மெடிக்கல் ட்யூப்.

20 ஏப்ரல்

டப்பாவைத் திறந்தால் என்ன ஒரு வாசனை! இடது கன்னம் ஜெயிக்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. எனக்கே எழுதுவதில் என்ன பொய்?

11 மே, ஞாயிறு

மங்கு கொஞ்சம் மங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும்! வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சொன்னதும் இவருக்குக் கோபம். "என் தங்கச்சி நாலு காசு பாத்துரக் கூடாது உனக்கு" என்றார். எம்புட்டு எளிதாச் சொல்லிட்டாரு. கல்பனா பிரசவத்துக்குப் பக்கத்துல இருந்தது யாரு? நாந்தான? கையெழுத்துப் போடமாட்டேன்னா சொன்னேன்? மங்கு போனாப் போடுறேன்னுதான சொன்னேன்?

சரி. எனக்குத் தெரியாவிட்டால் போகட்டும். விற்கிறவளே பார்த்துச் சொல்லட்டும்.

25 மே, ஞாயிறு

தூக்கம் வராமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்பனா வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள், எல்லாம் அவள் பிடித்து வைத்திருந்த வாடிக்கை. நானும் இவரும் போனவுடனே அவளிடம் சொன்னேன்: "உன் கிரீமை ஒரு பக்கந்தான் போட்டேன். மறுபக்கம் சாதா கிரீம். எந்தப் பக்கம்னு நீயே சொல்லு. சரியாச் சொல்லிட்டா இன்னைக்கே கையெழுத்து."

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "இதென்ன பெரிய விஷயம் மதினி!" என்று என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்த்தினாள். தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு வலது கன்னத்தைத் தட்டினாள்.

"இதுதான். பாருங்க எல்லாரும், இதுல உள்ள மினுமினுப்பே வேற!"

"அது மெடிக்கல் ட்யூப், கல்பனா."

தட்டிய கையை வெடுக்கென்று எடுத்தாள். பொறவு பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், கூடமே சிரித்தது. இவரும் சிரித்தார்! என் கட்சியில் நின்று சிரித்து எத்தனை காலமாயிற்று!

பெயர்ப் பொருத்தம் பார்த்து ஊரே கேலி செய்த ஜோடி நாங்கள். அவர் அழகுராஜா, நான் இருளம்மாள். வரும்போது பைக்கில் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நீ பெரிய ஆளுதான்" என்றார். கிருஷ்ணன்கோவில் பக்கமாகச் சுற்றி, பரோட்டா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

கல்பனா வாசல்வரை வரவில்லை. அது மட்டும் உறுத்துகிறது.

1 ஜூன், ஞாயிறு

கல்பனா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்திட்டீங்க மதினி."

"வீட்டை அடகு வச்ச பொறவு தெரிஞ்சிருந்தா?"

நான் நீட்டிய காபியைக் குடித்து முடித்தாள். அப்புறம் அவளே, "நெசமாவே எனக்கு அதுதான் பளபளன்னு தெரிஞ்சுச்சு" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்.

ராஜினாமா கொடுக்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, போகிறாளாம்.

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தோபஸ்து. காலையிலிருந்து ரத வீதியில் நின்றேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கல்பனா வந்தாள், கூட அவள் பள்ளி டீச்சர்கள். "எங்க மதினி" என்று என் தோளில் கை போட்டு போன் கேமராவை நீட்டினாள்.

"கொஞ்சம் இருடி, மூஞ்சியைத் துடைச்சுக்கிடுறேன்."

"அப்படியே நில்லுங்க மதினி, ஜோரா இருக்கு!"

வியர்வையும் மங்குமாகப் பல் தெரியச் சிரித்தேன். அதற்குள் வடம் அசைந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு விசிலை ஊதினேன். அம்புட்டுக் கூட்டமும் ஒதுங்கி வழிவிட்டது.