சனிக்கிழமை வாடை

ஜனவரி 11, சனி
மைனஸ் இருபத்தெட்டு. மீன் சூப் வைத்தேன். என் கணவர் ஆர்வோவின் தம்பி ரெய்னோ எங்கள் பேஸ்மென்ட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. அவன் மனைவி அவனை வெளியே அனுப்பிவிட்டாள். "கொஞ்ச நாள்தான்" என்று இவர் கூட்டிவந்தார்.
மாலை, சனிக்கிழமை வழக்கப்படி, எல்லோரும் பேஸ்மென்ட்டில் இருக்கும் சவுனா நீராவி அறையில் வியர்க்க உட்கார்ந்து எழுந்தோம். படியேறும்போது ஏதோ கருகிய வாடை.
"உனக்கு எப்பவும் ஏதாவது நாறும், ஹெல்வி" என்றார் ஆர்வோ.
ரெய்னோ சிகரெட்டை விட்டுவிட்டானாம். விட்டவன் எதற்குக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறான்?

ஜனவரி 12
துணி துவைக்கக் கீழே போனேன். அவன் அறைக்கு வெளியே கூரையில் இருந்த புகை அலாரத்தைக் காணோம்! வெறும் வளையம் மட்டும். நேர் மேலே என் பெண்கள் தூலியும் கைசாவும் தூங்குகிறார்கள். ஒருத்திக்கு ஒன்பது, ஒருத்திக்கு ஐந்து.
ஆர்வோவைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? அவன்தானே அங்க இருக்கான்."
அப்படியானால் அவன்தான். ஊதுகிறவனுக்குத்தான் அலாரம் தொல்லை.

ஜனவரி 15
புது அலாரம் வாங்கி நானே மாட்டினேன். ரெய்னோ வேலைக்குப் போனபின் அவன் அறையில் தொங்கிய இன்னொரு கோட்டைத் துழாவினேன். கேவலம்தான். சிகரெட் பெட்டி இல்லை, சாம்பல் இல்லை. ஒரு லைட்டர் இருந்தது. புகைக்காதவனுக்கு லைட்டர் எதற்கு?

ஜனவரி 18, சனி
மறுபடி அதே வாடை. அவன் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைகளில் மட்டும்!
சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுவிட்டேன். "என் புள்ளைங்க தலைக்குக் கீழ நெருப்பு வெச்சு விளையாடுறியா?"
"சத்தியமா இல்ல, அண்ணி. லைட்டர் டிரக் பூட்டுல பனி உறைஞ்சா உருக்க."
"அப்ப அலாரத்த யாரு கழட்டினது?"
அவன் அண்ணனைப் பார்த்தான். ஆர்வோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.
"நீ ஒண்ணும் சொல்லலையாண்ணா?"
"அவ பயந்துபோயிருக்கா. விடுடா."
அரை மணியில் பையோடு கிளம்பிவிட்டான். கைசா அழுதாள்.

ஜனவரி 19
இனி நிம்மதி.

ஜனவரி 25, சனி
ரெய்னோ போய் ஒரு வாரம். மதியம் ஆர்வோ சவுனாவைச் சூடேற்றினார். அதே வாடை — அவன் இல்லாமலேயே. இறங்கிப் போய் சவுனாவுக்கு வெளிப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. கையை எடுப்பதற்குள் புது அலாரம் அலறியது.
ஆர்வோ மின்சாரத்தை மொத்தமாக அணைத்தார். பிள்ளைகளைக் கோட்டோடு இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து தீயணைப்பு நிலையத்துக்கு போன்.
வந்த தீயணைப்புப் பெண் அதிகாரி சுவரை வெட்டித் திறந்தாள். உள்ளே மரச்சட்டம் ஒரு முழ நீளத்துக்குக் கரியாகிக் கிடந்தது.
"இந்த சவுனா ஹீட்டருக்கு இந்த வயர் தாங்காது. சூடேத்தும்போதெல்லாம் உள்ள கருகியிருக்கு. யார் போட்டது?"
"நான்தான்" என்றார் ஆர்வோ. போன இலையுதிர் காலத்தில் போட்டது. எலக்ட்ரீஷியன் எதற்கு என்று அப்போது சிரித்தார்.
"அலாரம் புதுசா இருக்கே, பழசு?"
அவர் என்னைப் பார்க்கவில்லை. "கராஜ்ல. சவுனா ஆவிக்கெல்லாம் கத்திட்டே இருந்துச்சு. டிசம்பர்ல கழட்டிட்டேன்."
டிசம்பரில்! அந்த மேசையில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்துகொண்டு, வெண்ணெய் தடவியிருக்கிறார்.

ஜனவரி 26
ரெய்னோ வேலை பார்க்கும் பட்டறைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறான். போய் நின்றேன். "தப்பு என்மேலதான்" என்றேன்.
"அண்ணன் அலாரத்தக் கழட்டறப்ப ஏணியப் புடிச்சதே நான்தான், அண்ணி."
"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"
"அண்ணனே சொல்வான்னு இருந்தேன்."
காபி கொடுத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு
எலக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றி, ஆய்வாளரும் பார்த்துவிட்டுப் போனார். தீப்பிடித்தால் முன்வாசல், பின்வாசல் இரண்டு வழியாகவும் வெளியேறப் பிள்ளைகள் பழகுகிறார்கள். தபால் பெட்டியருகே போய் நிற்க வேண்டும். இன்று ஒன்றரை நிமிடம்.
ரெய்னோ சாப்பிட வந்தான். திரும்ப இங்கேயே வந்து தங்கச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கிளம்பினான்.
பாத்திரம் கழுவியபின் ஆர்வோ வந்து உட்கார்ந்தார். "அடுப்ப அணைச்சாச்சு."
"சரி" என்றேன்.
பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.