கார் வராத கால்வாய்க் கரை

நேற்றுப் பின்னேரம் உன் மகள் வந்து போனாள். லாசாலில் நீங்கள் இருந்த அப்பார்ட்மென்டை இந்த மாதக் கடைசியோடு விடுகிறார்களாம். உன் மனிசன் இனி இல்-பிசாரில் மகளோடு இருப்பாராம். கதவடியில் நின்றபடியே ஒரு பையை நீட்டினாள். “அன்ரி, இது மம்மான்ர சைக்கிள் சீற். அப்பா எறியச் சொன்னவர். எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் வைச்சிருக்கிறீங்களா?” என்றாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், இருந்து பிள்ளையை எடுக்க நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

பையைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. பழைய தோல், நீ தேய்த்துத் தேய்த்து ஊறவைத்த மெழுகு, கொஞ்சம் மழை. முதலில் அழுகைதான் வந்தது. அது அடங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது. செத்த ஆட்களோடு கோபிக்கக் கூடாது என்று மாதா கோயிலில் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்குக் கோபம் உன்னில். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாங்கள் சந்தித்தது, கடலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு பேசுகிற இந்த ஊருக்கு வந்த புதிதில் அனுப்பப்பட்ட மொழி வகுப்பில். ஒரு நாள் ரீச்சர் ஒரு படத்தைக் காட்டினா. ஒரு கால்வாய், இரண்டு கரையிலும் உயர்ந்த மரங்கள், தண்ணீரோரம் ஒரு பாதை, அதில் சைக்கிளில் போகிற இரண்டு பேர். பிரான்சில் பூர்கோஞ் என்ற பக்கமாம். முன்பு குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை; இப்போது கார் வராது; ஊருக்கு ஊர் நாள்கணக்காக ஓடலாம் என்றா. மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நீ அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கார் இல்லாத ரோட்டு எங்களுக்குப் புதிசே?” என்று பகிடியாகக் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத வருஷங்களில் டொக்டரும் சைக்கிளில்தான் போனார், கல்யாண மாப்பிள்ளையும் சைக்கிளில்தான் போனார். ஒருவரை ஒருவர் அறியாமலே நீயும் நானும் ஒரே ரோட்டுகளில் ஓடியிருப்போம். நீ சிரிக்கவில்லை. “அங்கை ஒரு கண் ரோட்டிலை, ஒரு கண் வானத்திலை. எப்ப குண்டு விழும் எண்டு தெரியாது. எனக்கு ஒருக்கா மேலை பாக்காமல் ஓட வேணும்” என்றாய்.

“அப்ப ரெண்டு பேரும் போவம்” என்றேன்.

“ஓம், ரெண்டு பேரும் போவம்” என்றாய்.

இது நீ சொன்ன சொல். நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டது இல்லை.

அதற்குப் பிறகு வந்த கோடைகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு ஒரே ஒழுங்குதான். தமிழ்ப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, சேலையை மாற்றிவிட்டு, இங்கே இருக்கிற லஷீன் கால்வாய்க் கரைக்கு வந்துவிடுவோம். காற்றடிக்கிற பம்பும் நட்டுக் கழற்றுகிற சாவிகளும் உன் பையில், ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும் என் பையில். இது பிரான்சுக்கான பயிற்சி என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருந்தோம். என் மனிசன் சிரித்தார். நீ முன்னால் போவாய், நான் பின்னால் கதைத்துக்கொண்டே வருவேன். மாமியாரின் கதை, வேலைத்தலத்துக் கதை, ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய கதை. சில வேளை எனக்கே அலுத்து, “உனக்குக் காது நோகேல்லையோ?” என்று கேட்பேன். திரும்பாமலே, “நீ கதையடி, நான் கேட்டுக்கொண்டு வாறன்” என்பாய். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் கிழமை முழுக்கக் கதை சேர்த்து வைத்தேன்.

பிரான்சில் போய் விடுதியில் அறை கேட்கிற வேலை என்னுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தோம். கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டே பாடமாக்கினேன்: “ஷாம்ப்ர பூர் தூ, சில் வூ பிளே.” இரண்டு பேருக்கு ஒரு அறை, தயவு செய்து. என் மகன் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

கையுறைகளை மறந்திருக்க மாட்டாய். கோடைக் கடைசி மலிவு விற்பனையில் ஒரே மாதிரி இரண்டு சோடி வாங்கினோம். விரல் நுனி வெளியே தெரிகிற கறுப்புக் கையுறை, மணிக்கட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. யேசு பிறந்த நாளான நத்தாருக்குத் தைத்த சட்டையை நத்தார்ப் பூசைக்கு முதல் உடம்பில் போடாத ஆட்கள் நாங்கள். கையுறையும் அப்படித்தான். பிரான்சில் முதல் நாள் சைக்கிளில் ஏறும்போதுதான் போடுவது என்று பேச்சு. நீதான் அந்தப் பேச்சைத் தொடங்கினாய். நான் என்னுடையதைக் கடை அட்டையோடு அலுமாரிக்குள் வைத்தேன்.

பிறகு, ஒரு ஜூலையில், பாரிசில் இருக்கிற உன் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு என்று சொன்னாய். போய் இரண்டு கிழமை நிற்கவேண்டும் என்றாய். நான் அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தேன். நீ வெளிக்கிட்ட அன்று வழியனுப்ப வந்தேன். சூட்கேஸ் இல்லை, முதுகில் ஒரு பெரிய பை. சடங்கு வீட்டுக்குப் போகிறவள் பட்டுச்சேலையை இதற்குள் எப்படி மடித்தாள் என்று கேட்க வாய் வந்தது. பயணம் வெளிக்கிடுகிற ஆளை மறித்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். நீயும் அதே ஊர் வழக்கத்தில் வளர்ந்தவள்தான். நான் கேட்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். “போட்டு வாறன்” என்று மட்டும் சொன்னாய்.

நீ இல்லாத நாட்களில் உன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட வந்தேன். முற்றத்தில் கட்டியிருந்த உன் சைக்கிளில் சீற் இல்லை. களவு போகும் என்று இங்கே எல்லோரும் கழற்றி உள்ளே வைப்பதுதானே. கெட்டிக்காரி, யோசித்துக் கழற்றியிருக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சினேன். அது உன் பையில் அத்திலாந்திக்கைத் தாண்டிப் போயிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் வாங்கு வரிசையில் நின்றாய். சமாதானம் சொல்லுகிற நேரம் திரும்பி, கை கூப்பி, சிரித்தாய். நான் உன் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெயிலில் கறுத்திருந்தன. கையுறை மூடியிருந்த புறங்கை மட்டும் பழைய நிறம். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு கறுத்த பொட்டு. சாமத்தியச் சடங்கில் ஆராத்தி எடுக்கிறவர்களுக்கு அப்படிக் கை கறுப்பதில்லை. “சமாதானம்” என்றாய். நானும் “சமாதானம்” என்றேன். அந்தச் சொல்லை அதைவிடப் பொய்யாக நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சடங்கில் எத்தனை தட்டு வைத்தார்கள், கேக் எவ்வளவு உயரம், பெறாமகள் என் வளையலைப் போட்டுக்கொண்டு எவ்வளவு வடிவாக இருந்தாள், எல்லாம் சொன்னாய். கால்வாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இலையுதிர்காலம் முழுக்கக் கரையில் நான் வாய் திறக்கவில்லை. “ஏனடி இண்டைக்குப் பேசாமல் வாறாய்?” என்று ஒரு நாள் கேட்டாய். “நீ கதை, நான் கேட்டுக்கொண்டு வாறன்” என்றேன். உன்னைச் சுட வேண்டும் என்றுதான் சொன்னேன். நீ மெல்லச் சிரித்துக்கொண்டு லஷீன் மதகுவரை மிதித்தாய். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

அந்தப் பனிக்காலம் முடிய முதல் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரிக்கு நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கேட்க நினைத்த கேள்வி என் வாயிலேயே நின்றுவிட்டது.

செத்தவீட்டுக்கு உன் தங்கச்சி பாரிசில் இருந்து வந்தா. அடக்கம் முடிந்து கோப்பி குடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா கடைசியா எங்களிட்டை வந்தது சடங்குக்குத்தான். ரெண்டு நாள்தான் நிண்டவ. பேந்து சைக்கிள் ஒண்டு வாடகைக்கு எடுத்து, தன்ர சீற்றைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டா” என்றா.

“ஆரோடை?” என்று கேட்டேன். யாரோ இன்னொருத்தியோடு அந்தக் கால்வாய்க்குப் போயிருக்கிறாய், அவள் யார் என்றுதான் இவ்வளவு நாளும் நான் வெந்துகொண்டிருந்தேன்.

“தனியத்தான். அங்கை கூடச் சைக்கிள் ஓடுற அந்தச் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே எண்டு கேட்டனான். ‘அவள் வந்தா வழியெல்லாம் கதை. எனக்கு ஒருக்காலாவது ஒண்டும் கேக்காமல் ஓட வேணும்’ எண்டவ.” சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சிநேகிதி யார் என்று அவவுக்கு விளங்கியது. “குறையா நினைக்காதையுங்கோ அக்கா” என்றா. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேறொருத்தியோடு போயிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மன்னித்தும் இருப்பேன். நீ ஒருத்தரும் வேண்டாம் என்று போயிருக்கிறாய். அந்த ஒருத்தர் நான். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்டுக்கொண்டு வரவில்லை, பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். “கொஞ்சம் வாயை மூடடி” என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் மூடியிருப்பேனே. பூர்கோஞ் முழுக்க மூடிக்கொண்டு வந்திருப்பேன். என் முகம் கறுக்கும் என்று பயந்து பொய்யைத் தேர்ந்தாயோ? தண்டனை என்று நினைத்து அந்த இலையுதிர்காலம் நான் தந்த மௌனத்தை நீ ஆசையோடு வாங்கிக்கொண்டாய் என்பதை நினைக்க இன்னும் பற்றி எரிகிறது. உன் சிரிப்பின் அர்த்தம் இப்போது விளங்குகிறது.

இன்று காலை உன் சீற்றை என் சைக்கிளில் பூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். தோல் உன் உடம்புக்குப் பழகியது; எனக்கு ஒரு பக்கம் நோகிறது. கழற்றுகிற எண்ணம் இல்லை. அலுமாரியில் இருந்த கையுறையை எடுத்து, அட்டையை வெட்டிவிட்டு, உன் சீற் இருந்த பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஓகஸ்டில் பிரான்சுக்குப் போகிறேன். அறை கேட்கிற வசனத்தை ஒருவருக்கு என்று மாற்றிப் பாடமாக்குகிறேன். வாய் தானாக இரண்டு என்று போகிறது. அந்தக் கரையில் மரம் வந்தால் மரத்தைப் பற்றி, பாலம் வந்தால் பாலத்தைப் பற்றி, ஒன்றும் வராவிட்டால் உன்னைப் பற்றி, சத்தமாக, தமிழில், வழி முழுக்கக் கதைப்பேன். நீ மேலே இருக்கிறாய் என்று சுவாமியார் சொல்கிறார். நான் மேலே பார்க்காமல்தான் ஓடுவேன். நீ கேட்டுக்கொண்டு வா.