வசந்தாவின் நாய் ரோஜா

12 ஏப்ரல் 94, செவ்வாய்

காலையிலேயே வெயில். சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. துவைக்கிற கல்லுக்கு மேல், சுவருக்கு அந்தப் பக்கத்து ரோஜாக் கொடி மறுபடி தொங்குகிறது. முள்ளில் மாட்டி மஞ்சள் புடவை முந்தானையில் கிழிசல். புதுப் புடவை.

சுவர், வீட்டைப் பாகம் பிரித்தபோது வைத்தது. முன்பக்கம் கொழுந்தனாருக்கு, பின்பக்கம் எங்களுக்கு. "ரெண்டே பேர்த்துக்கு முன்பக்கம் எதுக்குங்க்கா?" கொழுந்தனார் மனைவி வசந்தா, பெரியவர்கள் எல்லார் முன்னாலும். பிள்ளை இல்லாதவளுக்கு எதுக்கு என்று அர்த்தம். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அவள் மட்டும் சுவர் மேல் எட்டி "அக்கா, அக்கா." நானும் "சொல்லுங்க" என்கிறேன். போடி என்று சொல்ல முடியாததால் ங்க.

வாங்க: சோப்பு, சாம்பிராணி, இவருக்கு பிளேடு.

15, வெள்ளி

கறிவேப்பிலைக் கன்று வாங்கத் தடாகம் ரோடு நர்சரி. அந்தக் கொடியில் ஒரு கிளை ஒடித்துக்கொண்டு போயிருந்தேன். நர்சரிக்காரர் பார்த்ததும் சிரித்தார்.

"சிவப்பு ரோஜான்னு ஊட்டியில வாங்குனதுங்களா?"

"எங்குளுது இல்லீங்க. பக்கத்துக்காரங்களுது."

"மேல ஒட்டுக் கட்டுன செவப்பு செத்துப்போச்சுங்க. அடியில இருந்த காட்டு ரோஜா கிளம்பிருச்சு. இங்கிலீஷ்ல இதுக்கு நாய் ரோஜான்னு பேருங்க."

நாய் ரோஜா! பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "இந்தச் சூட்டுல பூக்காதுங்க. ஆனா லேசுல சாகாது." அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாலை. "வசந்தா, நீங்க ஆசையா வளர்த்துறது நாய் ரோஜாங்களாமா." முகம் சுருங்கியது, ஒரு நொடிதான். "அப்ப காவலுக்கு ஆச்சுங்க்கா." பூக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதையும் எடுத்து என் மேலேயே வீசுவாள்.

16, சனி

எங்கள் பக்கம் வந்த கொடியை இவரைக் கொண்டு முழுக்க வெட்டியாயிற்று. கையெல்லாம் கீறல் இவருக்கு. "செடி மேல என்ன கோவம் உனக்கு?" செடி மேலா கோபம்! வெட்டியதை அள்ளி அவர்கள் பக்கமே போட்டேன்.

29, வெள்ளி

துளிர்த்துவிட்டது. வெட்டின இடத்தில் ஒன்றுக்கு மூன்று. தலைவலி. அந்தப் பக்கம் டிவி அலறல். கறிவேப்பிலைக் கன்று காய்ந்து போனது.

8 மே, ஞாயிறு

காலை கொழுந்தனார் ஏணி போட்டுச் சுவர் மேல் ஏறினார், கொடியைத் தன் பக்கம் இழுத்துக் கட்ட. நான் துணி உலர்த்திக்கொண்டு, பார்க்காத மாதிரி. திடீரென்று "அம்மா!" கொடியோடு எங்கள் பக்கம் விழுந்து கிடக்கிறார். முழங்கை முதல் மணிக்கட்டு வரை ரத்தம்.

நான் நகரவில்லை. இவர் பனியனோடு ஓடி வந்தார்.

"அசையாதடா. முள்ளு உள்ள இருக்குது."

கல் மேல் உட்காரவைத்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். கொழுந்தனார் அழுதார். வலியால் இல்லை, எனக்கே தெரிந்தது.

"அன்னிக்கு அவ பேசுனது தப்புங்ணா. நான் வாய மூடிட்டு நின்னது அதவிடத் தப்புங்ணா."

"உடுறா. காப்பி குடிக்கிறயா?"

உடுறா. அவ்வளவுதான். மன்னிப்பு எனக்கு வரவேண்டியது. வாங்கிக்கொண்டது இவர். பக்கத்திலேயே நிற்கிறேன், இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காப்பி நான் போடவில்லை. இவரே போட்டார். உள்ளே டம்ளர் சத்தம், பழைய கதை, சிரிப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தா. "ஏனுங்க்கா, ஏணி மட்டும் நிக்குது. இவரு அங்க வந்தாருங்களா?"

"இல்லீங்க. இங்க யாரும் வரலீங்க."

சிரிப்புச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.