ஓர் அடி குறைத்து எழுதினேன்

கதிர்காமம், புதுச்சேரி
11.3.2007, ஞாயிறு

அன்புள்ள கலைவாணி அக்காவுக்கு,

தீபலட்சுமி வணக்கம் சொல்லி எழுதுவது. கான்பூரில் குளிர் விட்டதா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. நிஜமாகவே பயந்துபோய் எழுதுகிறேன் அக்கா, என் வழக்கமான நடிப்பு இல்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மூடிக்கிடக்கும் முலாம் பட்டறைக்குக் கிழக்கே நீங்கள் பள்ளம் வெட்டி, இரும்புத்தூளும் மணலும் கொட்டிப் புதைத்த சுவர் பத்திரமாக இருக்கிறது. மேலே புல் முளைத்து, தெய்வசிகாமணி மேஸ்திரியின் ஆடு மேய்கிறது. தண்ணீரைப் போகவிட்டு, பட்டறையின் குரோமிய விஷத்தை மட்டும் பிடித்துவைக்கும் சுவர் என்றீர்கள். எங்கள் பள்ளி வாட்ச்மேனுக்கு நேர் எதிர், அவர் நல்ல பிள்ளைகளைப் பிடித்துவைத்து என்னை விட்டுவிடுவார் என்றேன். சிரித்தீர்கள்.

கிழக்குத் தெரு முருகையன் மாமா, "பாத்தியா, செவுரு வச்சதும் எங்கூட்டுக் கெணறு எப்படித் தெளிஞ்சிடுச்சி"ன்னு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடிக்கிறார். அவர் கிணறு எப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. கலங்கியது நான்தான்.

பார்வதி அண்ணியை நினைவிருக்கிறதா? பட்டறைக்குத் தெற்கே, ஓட்டு வீடு. நீங்கள் ஆராய்ச்சிக்கு வந்தபோது வயிற்றுப்பிள்ளையோடு மோர் கொடுத்தார்களே, அவர்கள்தான். ஆண்குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. போன வாரம் குழந்தையைக் குளிப்பாட்ட வெள்ளை பேசினில் தண்ணீர் பிடித்தார்கள். மஞ்சளாக இருந்தது. லேசாகத்தான். பட்டறைக் கிணற்றில் நீங்கள் காட்டினீர்களே, அதே மஞ்சள். அண்ணி, பேசின் பழசாகிவிட்டது என்றார்கள்.

இனி சொல்லிவிடுகிறேன். ஆறு கிணற்றிலும் விடிந்ததும், யாரும் தண்ணீர் இறைப்பதற்கு முன்னால், குண்டு கட்டிய டேப்பை இறக்கி மட்டம் பார்க்கச் சொன்னீர்கள். மட்டம் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம்தான் விஷம் நகரும், அங்கேதான் சுவர் என்றீர்கள். அளக்கச் சொன்னது நீங்கள். அளந்துவிட்டது நான். முதல் நாள் அண்ணி கிணற்றில் தண்ணீர் இருபத்தோரு அடி ஆழத்தில் கிடந்தது. இருபது என்று, மட்டம் மேலே இருப்பதுபோல எழுதினேன். ஓர் அடி. கண்டுபிடிக்கிறீர்களா பார்ப்போம் என்றுதான். கண்டுபிடித்ததும் "ஏமாந்தீங்களா"ன்னு கத்த வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

நீங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, "கெழக்காலதான் போவும்னு நெனச்சேன், சரியா இருக்கு. ஊரையே ஏமாத்துற, என்னைய ஏமாத்தலடி நீ" என்று கன்னத்தைத் தட்டினீர்கள். என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சரியாக எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று மறுநாளும் ஓர் அடி குறைத்தேன். இருபத்திரண்டு நாளும் குறைத்தேன். சுவர் கிழக்கே போய்விட்டது. தண்ணீர் தெற்கே போகிறது.

தண்ணீர் மாதிரி எடுக்க வரும் ஆள் அண்ணி கிணற்றைத் தொடுவதில்லை. உங்கள் பட்டியலில் கிழக்குக் கிணறுகள் மட்டும்தான் இருக்கின்றனவாம். அண்ணி அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தேன். செத்த எலியைக் கிணற்றில் போட்டேன். பிளீச்சிங் பவுடர் கொட்டி இறைத்துவிட்டு மறுபடி குடிக்கிறார்கள். கிணற்றில் பேய் இருக்கிறது என்றேன். "நீ இருக்கும்போது அது எதுக்குடி தனியா"ன்னு சிரித்தார்கள். மேஸ்திரியிடம் தண்ணீர் கெட்டுவிட்டது என்றேன். "போன மாசம் என் சைக்கிள்ல பாம்பு இருக்குன்ன, இப்போ கெணறா? போவியா"ன்னு விரட்டினார். எல்லோரிடமும் குடிக்காதே என்கிறேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வர மறுக்கிறது.

இரண்டு நாளாகத் தெருக்குழாயில் குடம் பிடித்து அண்ணி வீட்டில் வைக்கிறேன். குழந்தைக்கு நல்லது என்று கோயிலில் சொன்னார்கள் என்று புளுகினேன். நம்பினார்கள். பரீட்சை தொடங்கினால் எப்படிச் சுமப்பேன் என்று தெரியவில்லை. அவன் கொட்டாவி விட்டாலும் பயமாக இருக்கிறது. தூக்கத்தில் சிரிக்கிறான், அதற்கும் பயமாக இருக்கிறது.

உண்மையான அளவுகள் கணக்கு நோட்டின் பின்பக்கம் இருந்தன. கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு நாளும் இருக்கிறது, ஒன்றைக்கூட மாற்றவில்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. யாரையாவது அனுப்பி அண்ணி கிணற்றை மட்டும் புதிதாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் தண்ணீரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நாளைக் காலை இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போகிறேன். அந்த ஓர் அடியைச் சொல்லப் போகிறேன். துடைப்பம் வரும், வரட்டும். ஆனால் இதையும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டால்? அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். அதனால் கடிதம் கிடைத்த அன்றே ஒரு தந்தி கொடுங்கள் அக்கா. எனக்கு வேண்டாம், பார்வதி அண்ணி பெயருக்குக் கொடுங்கள். என்னைத் திட்டி ஒரு வார்த்தைகூட அதில் வீணாக்காதீர்கள். தீபா சொல்வது உண்மை என்று மட்டும் போடுங்கள்.

உங்கள் நம்பிக்கைக்கு உரியவளாக இல்லாத
தீபலட்சுமி