மூடாத குழிகள்

ஆன்ஸ்-ப்ளுவியே,
மார்ச், செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள ரெஜானுக்கு,

உன் மச்சான் நேற்று தானே கரண்டியைப் பிடித்து சூப் குடித்தார் என்று உன் தங்கை ஜினெத் சொன்னாள். கேட்டதும் மனம் லேசானது. அவசரப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல். எழுதப் பழகும் பிள்ளைக்கு முதலில் கோடு, பிறகு வட்டம், அப்புறம்தான் எழுத்து. அவருடைய கையும் இப்போது முதல் வகுப்பில்தான் இருக்கிறது.

இங்கே வீடு நன்றாக இருக்கிறது. கூரைப் பனி தானாகவே சரிந்துவிட்டது. விறகு வசந்தம் வரை தாங்கும். பட்டாணி சூப் பெரிய பானையில் வைத்து, பாதியை ஃபெர்னான் வீட்டில் ஒதெத்துக்குக் கொடுத்தேன்.

தினமும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் நமக்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைத் தொலைபேசியில் சொல்ல முயன்று பார்த்தேன். உன் குரல் கேட்டதும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நம் மலைநடைச் சங்கம் கூடுகிறது. மோன்ட்ரியாலிலிருந்து வந்து குடியேறிய நொயெமியையும் லொயிக்கையும் தடங்களில் நடக்கவிடுவதா வேண்டாமா, பனித் திருவிழாவுக்கு அவர்களுடைய அடுமனையில் ரொட்டி வாங்குவதா வேண்டாமா என்று கை தூக்கப் போகிறார்கள். தடக் காவலன் என்ற முறையில், விலக்கிவிடலாம் என்று நீ அங்கிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாய். ஃபெர்னான் கால் முறிந்த குழிகள் அந்தப் பிள்ளைகளுடையவை அல்ல, ரெஜான். அவை உன் பூட்ஸ் பனியில் போட்ட குழிகள். அவற்றை மூட வேண்டியவள் நான். மூடவில்லை. மூடிவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

எழுதிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

அந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். வெயில் அடித்துப் பனி பிசைந்த மாவு போல இளகியிருந்த நாள். மேலே பார்வைப் பாறையில் நொயெமியும் லொயிக்கும் நம்மோடு தேநீர் குடித்துவிட்டு முன்னால் இறங்கிப் போனார்கள். இருவர் காலிலும் பனியில் புதையாத அகலப் பனிமிதியடி இருந்தது. போன வருடம் வெறும் பூட்ஸோடு கீழ்த் தடத்தில் நடந்து உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பிறகு, அவர்கள் அது இல்லாமல் வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகுதான் என் மிதியடியின் வார் அறுந்தது. நீ கயிறு கட்டிப் பார்த்தாய், நிற்கவில்லை. உன்னுடையதைக் கழற்றி என் காலில் மாட்டினாய். நான் வேண்டாம் என்றேன். "சும்மா இரு. நீ தொடை வரைக்கும் புதைஞ்சா உன்னை இழுத்து எடுக்க எனக்கு முதுகு இல்லை" என்றாய்.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். தடத்தை விட்டு விலகி நடக்க இடமில்லை. கீழே ஊசியிலை மரங்களின் வளைவு வரை, நீ ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்கு மேல் புதைந்து புதைந்து வந்தாய். நான் உன் மிதியடியில் வாத்து மாதிரி முன்னால் நடந்தேன். "பனிமிதியடி இல்லாம நடக்காதேன்னு நான் வச்ச பலகையை நானே படிக்காத மாதிரி போறேன் பார், ஃபெர்னான் கண்ணுல பட்டா கத முடிஞ்சுது" என்று நீ சொல்ல, இருவரும் வழி முழுக்கச் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்று இரவு உணவின்போதுதான், மச்சான் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்று ஜினெத்தின் அழைப்பு வந்தது. விடியும் முன் கிளம்பும்போதும் நீ மறக்கவில்லை. என் காரில் மண்வெட்டியை வைத்தாய், உன் மிதியடியையும் வைத்தாய். "வெளிச்சம் வந்ததும் போய் மூடி மிதிச்சு விட்டுடு கிஸ்லேன். ராத்திரி உறைஞ்சிருக்கும், யாராவது கால விட்டுடப் போறாங்க" என்றாய். அந்தக் கவலையையும் சேர்த்துக்கொண்டுதான் நீ வண்டியை எடுத்தாய்.

நான் போனேன். மலையடி வரை போனேன். கதவைத் திறந்தால் காற்று முகத்தை அறுத்தது. பனி கல்லாகியிருந்தது. கொஞ்சம் வெயில் ஏறினால் மண்வெட்டி இறங்கும், இடுப்பும் வலிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சொல்லும் காரணங்களில் எப்போதும் கொஞ்சம் உண்மை இருக்கும், அதனால்தான் அவர்களைத் திட்டுவது கடினம். வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுமனைக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஆம், நொயெமியின் அடுமனைக்குத்தான். அப்போதுதான் அடுப்பிலிருந்து வெண்ணெய் பிரியோஷ் ரொட்டி எடுத்திருந்தாள். "இன்னொரு துண்டு சாப்பிடுங்க மதாம் கிஸ்லேன், வெண்ணெய் கணக்க உங்க டாக்டர்கிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றாள். சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மீட்புக் குழுவின் பனிவண்டி ஜன்னலைத் தாண்டி மலைப்பக்கம் போனது. ஃபெர்னானும் ஒதெத்தும் திங்கள்தோறும் காலையில் ஏறுகிறவர்கள் என்பது நமக்குத் தெரியாததா? லொயிக் மாவுக் கையோடு அப்படியே ஓடினான். ஃபெர்னானை ஸ்லெட்டில் கட்டி இறக்கியவர்களில் அவனும் ஒருவன்.

ஃபெர்னான் மிதியடியின் முனை குழிக்குள் சொருகிக்கொள்ள, உடம்பு முன்னால் போய், கணுக்கால் அங்கேயே நின்றுவிட்டதாம்.

அன்று மாலை நீ மருத்துவமனை நடைபாதையிலிருந்து பேசினாய். மச்சானுக்கு வாய் கோணியிருக்கிறது, ஜினெத் சாப்பிடவில்லை என்று சொன்னாய். கடைசியில், "குழியெல்லாம் மூடினியா?" என்று கேட்டாய். எனக்கு ஃபெர்னான் விழுந்தது தெரியும். "மூடிட்டேன், நீ அத நினைச்சுக் கவலப்படாத" என்றேன். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் ஃபெர்னானே உன்னிடம் பேசிவிட்டான். நம் குழிகள் மூடியாகிவிட்டன என்று நம்பிய நீ, இவை வேறு யாருடையவோ என்று நினைத்தாய். "பலகையப் படிக்கத் தெரியாதவங்களுக்கு மலை எதுக்கு? அந்த மோன்ட்ரியால்காரங்களாத்தான் இருக்கும்" என்று என்னிடம் கத்தினாய்.

கணக்கில் முதல் வரியில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டு, மீதி எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்திருக்கும் விடைத்தாள்கள், நான் பள்ளியில் இருந்தபோது எனக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைக்கமாட்டேன். உன் கோபம் அந்த விடைத்தாள். முதல் வரியை எழுதிக் கொடுத்தது நான்.

ஃபெர்னானைப் போய்ப் பார்த்தேன். காலை முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறான். "வருஷா வருஷம் மார்ச்ல சாறு எடுக்க மேப்பிள் மரத்துக்குத் துளை போடுறவன் நான். இந்தத் தடவ டாக்டர் என் எலும்புல போட்டுட்டாரு, சாறு வந்தா சொல்றேன்" என்றான். "வாய்ல போட்டிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்" என்றாள் ஒதெத். அவள்தான் இப்போது தனியாகத் தோப்புக்குப் போய் வாளி மாட்டுகிறாள். பிறகு ஃபெர்னான் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் என்னைத் தூக்க முதல் ஆளா ஓடி வந்தான் பார்த்தியா? மனசு உறுத்தியிருக்கு. குழில பதிஞ்ச பூட்ஸ் அளவும் பெருசு, ரெஜான் அளவுக்கு இருக்கும்" என்றான். நான் கொண்டுபோன சூப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கடிதத்தை இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். சனிக்கிழமை நொயெமி வந்தாள். சமையலறையில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். சாயங்காலமானால் அலமாரியில் பாதி ரொட்டி அப்படியே இருக்கிறதாம். அஞ்சலகத்தில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே, "கால் உடைக்கிறவங்க ரொட்டி எங்களுக்கு வேணாம்" என்றாளாம். இப்படியே போனால் கோடைக்குள் மூடிவிட்டு மோன்ட்ரியாலுக்கே திரும்ப வேண்டியதுதான் என்றாள். பிறகு, "நீங்க எங்களுக்கு அப்புறம்தான இறங்கினீங்க, மதாம் கிஸ்லேன்? அப்ப தடத்துல குழி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான், "கவனிக்கலியேம்மா" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பரவால்ல, நீங்க பார்த்திருந்தா சொல்லியிருப்பீங்க" என்றாள். போகும்போது மேசையில் ஒரு ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வெட்டவும் முடியவில்லை, பறவைகளுக்குப் போடவும் முடியவில்லை.

இத்தனை வருடம் பள்ளியில், உண்மையைச் சொன்னால் அடிக்கமாட்டேன் என்று எத்தனை பிள்ளைகளை அருகில் நிறுத்திக் கேட்டிருப்பேன். அவர்கள் ஏன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அடிக்கு அவர்கள் பயப்படவில்லை. அதுவரை இருந்த முகத்தோடு மறுபடி வகுப்புக்குள் வர முடியாதே என்று பயந்தார்கள்.

உனக்கு இதில் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். தடக் காவலனின் சாவியை நீ திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். உன் பலகையைக் காட்டி ஆட்கள் சிரிப்பார்கள். எனக்காக மிதியடியைக் கழற்றியதைத் தவிர நீ எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் குழிகள் யாருடையவை என்று சொல்லாமல், அந்தப் பிள்ளைகளுடையவை அல்ல என்று நிரூபிக்க எனக்கு வழி தெரியவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தடத்தில் அடையாளம் தெரியாத ஆள் ஒருவனைப் பார்த்ததாகச் சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அந்த அளவுக்குப் போனேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் உன் அனுமதியை நான் கேட்கவில்லை. கேட்டால் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் சொல்லமாட்டேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஒதெத் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து அடுமனைக்கு. கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வேன். நீ இதைப் படிக்கும்போது முதல் இரண்டும் முடிந்திருக்கும். நாளை முதல் தோப்பு வேலைக்கும் ஒதெத்தோடு போகலாம் என்று இருக்கிறேன், அவள் என்னை உள்ளே விட்டால்.

உன்னிடம் கேட்பது வேறு. நீதான் மறந்துவிட்டுப் போனதாக ஃபெர்னானிடம் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதே. கோபம் வந்தால் என்மேல் வை, எவ்வளவு நாள் வேண்டுமானாலும். ஜினெத்தும் மச்சானும் நலமாகட்டும். மருந்து நேரத்தில் நீயும் ஏதாவது சாப்பிடு, காப்பியோடு நிறுத்தாதே.

கடிதம் கிடைத்ததும் முதலில் லொயிக்கைக் கூப்பிடு. தப்பு நம்முடையது என்று அவன் உன் குரலிலேயே கேட்க வேண்டும். அதற்குப் பிறகு, மனம் வந்தால், என்னைக் கூப்பிடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன்,
கிஸ்லேன்