தாம்பூலத் தட்டில் வைத்த பல்

அன்புள்ள மச்சான்,

நீங்கள் உயிரோடு இருந்தவரை சொல்ல வாய் வராததை முதலில் கக்கிவிடுகிறேன். அக்காவுக்கும் உங்களுக்கும் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதற்கு முந்தின நாள், நீங்கள் வாய்க்கால் ஓரம் பல்செட்டைக் கழற்றிக் கழுவியதைப் பார்த்தவன் நான்தான். எடப்பாடிச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவன், அதை மறந்து, கடை கடையாக உங்கள் வாயை விற்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் சபையில் சித்தப்பா எழுந்தார்.

"ஏனுங்க மாப்ள, உங்குளுது பொய்ப் பல்லுன்னு சந்தையே பேசுது. நெசமுங்களா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அக்கா கல்யாணம் அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். மெல்லத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

நீங்களோ இரண்டு வரிசையையும் கழற்றி, தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். ரப்பர் ஈறும் பீங்கான் பல்லுமாக அது எங்களைப் பார்த்து இளித்தது.

"பொறக்கையில ஆருக்குமே பல்லு இல்லீங்க. எனக்கு அப்பறமும் மொளைக்கல. பட்டணத்து டாக்டரு தாடைய எக்ஸ்ரே படம் புடிச்சாருங்க. உள்ள பல்லுக்கு வெதையே இல்லீங்களாம். வெதைக்காத காட்டுல என்னங்க மொளைக்கும்?"

அந்த டாக்டர் முதலில் உங்கள் வாயைப் பார்க்கவே இல்லையாமே? பங்குனி வெயிலில் நடந்து வந்தும் சட்டை முதுகு நனையாததைத்தான் பார்த்தாராம். தலையில் பூனைமுடி, உடம்பில் வேர்வை இல்லை, வாயில் பல் இல்லை. மூன்றும் ஒரே குறை என்றாராம். ஏர் பிடித்தால் மயங்கி விழும் சோம்பேறி என்று உங்களை ஏசிய ஊருக்கு அன்றைக்குச் சபையில்தான் காரணம் புரிந்தது.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அத்தனை பல்லையும் வெச்சுக்கிட்டுப் பொரணி பேசறவன் நம்மூட்டுலயே இருக்கறானுங்க சித்தப்பா. எனக்கு இவியளே போதும்."

உப்பும் சர்க்கரையும் கை மாறின. நான் தூணை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உங்கள் மகள் பாவாயியின் பையனுக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட எட்டிப் பார்க்கவில்லை. சித்திரையில் உடம்பு அனலாய்க் கொதித்தது, வேர்க்கவில்லை. புகுந்த வீட்டில் முணுமுணுப்பு. அழுதுகொண்டிருந்தவளிடம் உங்கள் தட்டுக் கதையைச் சொன்னேன். மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலம் கிளம்பிவிட்டாள்.

அங்கேயும் படம் எடுத்து அதையேதான் சொன்னார்கள். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு இறங்குமாம். மூன்று வயது முடிந்ததும் குட்டிச் செட்டு. தாடை வளர வளர வேறு செட்டு. அதுவரை குழைந்த சோறு, வெயில் நேரத்தில் உடம்புக்கு ஈரத்துணி.

பாவாயி என்ன செய்தாள் தெரியுமா? படத்தை மாமியார் கையிலேயே கொடுத்தாளாம். "எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க அத்தை. நல்லாப் பாத்துக்குங்க." உங்கள் மகள் வேறெப்படி இருப்பாள்?

ஒவ்வொரு செட்டுக்கும் அந்தப் பயலை நானே சேலத்துக்குத் தூக்கிப் போவேன், மச்சான். வழியில் எந்தச் சந்தையிலும் இறங்கமாட்டேன்.

இருபத்தைந்து வருஷமாக உங்கள் துணிச்சலை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். போன வாரம்தான் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: அன்றைக்குச் செட்டு புதுசாம், ஈறெல்லாம் புண்ணாம், யாராவது கேட்கமாட்டார்களா, கழற்றிவிடலாமே என்றுதான் சபையில் உட்கார்ந்திருந்தீர்களாம்.

உங்கள் மச்சினன்,
முத்துசாமி