மரணத்துக்கு என் தங்கச்சி மூக்கு

பிப்ரவரி 1, 1893. புதன்.

இல்லை, நீயே சொல்லு ஆர்மெல், பெற்ற தாயைப் பேயாக வரைகிறவன் பிள்ளையா? உன் மகன் தெயோபில் மேசை கொள்ளாத ஒரு கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டு, மூன்று வாரமாக அதில் மைக்கட்டியால் வரைந்துகொண்டிருக்கிறான். இன்று துணியை விலக்கிப் பார்த்தேன். பாதி திறந்த கதவு. அதில் சாய்ந்து ஒருத்தி. கையில் சுடர் இல்லாத விளக்கு. கூந்தல் புகையாகி மேலே போகிறது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. முகம் — உன் முகம்!

"யாருடா இது?"

"யாருமில்ல பெரியம்மா. மரணம்."

"மரணத்துக்கு என் தங்கச்சி மூக்கு எதுக்குடா?"

சிரிக்கிறான். பாரீஸ் வந்த நாளிலிருந்து இப்படித்தான். கடவுள் இல்லை என்பான், ஆவி உண்டு என்பான். ஏழு மாதக் குழந்தையாக இவனை என் மடியில் போட்டுவிட்டுச் செத்துப்போனாயே, இதைப் பார்க்கத்தானா வளர்த்தேன்? சனிக்கிழமை கல் அச்சகத்துக்குப் போகிறதாம். கல்லில் இருப்பதை அப்படியே நூறு தாளில் அச்சடித்துக் கண்காட்சியில் மாட்டுவானாம். ஊரான் எல்லாம் உன்னைப் பார்த்துப் பயப்படணுமா? விடமாட்டேன்.

பிப்ரவரி 2. மெழுகுவர்த்தித் திருநாள்.

அவன் வெளியே போயிருந்தான். கல்லில் பன்றிக்கொழுப்பு தடவித் திருநாள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன் — அடுப்புக் கல்லில்தான். முதுகுக்குப் பின்னால் அவள் குழிக்கண்ணால் பார்ப்பது போலவே இருந்தது. பொறுக்கவில்லை. எழுந்து போய், பிதா சுதன் சொல்லி, அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். அழுத்தித்தான் போட்டேன். ஒரு தடமும் தெரியவில்லை. சாத்தானின் கல், ஒட்டுமா?

பிப்ரவரி 8.

முதல் தாளைக் கொண்டுவந்து மேசையில் அறைந்தான். அவள் நெற்றியில் கன்னங்கரேல் என்று சிலுவை! நான் முழங்காலில் விழுந்தேன்.

"மாதாவே, அற்புதம்!"

"அற்புதமா? கொழுப்பு! நான் வரையறதே கொழுப்பு மையிலதான். கல்லு அதைக் குடிச்சிக்கும், அங்கதான் அச்சு மை ஒட்டும். அப்பம் சுட்ட கையை அதுல வெச்சியா?"

"வெச்சேன். உங்கம்மா நெத்தியிலதானே வெச்சேன்? இன்னும் நாலு வெப்பேன்."

"எங்கம்மா நெத்தியா?"

என் முகத்தையே உற்றுப் பார்த்தான். கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரி 11.

மூன்று நாளாகப் பேச்சு இல்லை. நேற்றும் அவன் வரும்வரை வாசற்கதவில் நின்றேன். திட்டத்தான் நின்றேன். காற்றில் கையிலிருந்த விளக்குகூட அணைந்துபோயிற்று. அப்படியே என்னைத் தாண்டிப் போனான். சூப்பைப் பூனைக்கு ஊற்றினேன்.

பிப்ரவரி 15. திருநீற்றுப் புதன்.

பூசை முடிந்த கையோடு அச்சகத்துக்குப் போனேன். மணல் போட்டுத் தேய்த்தால் கல்லில் படம் அழிந்துவிடுமாம். தேய்க்கவைக்காமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன்.

அச்சுக்காரர் கிளோவிஸ் ஒரு தாளைக் கல்லிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அடேய் தெயோபில், ஓடி வாடா! உன் மரணம் கோவிலுக்குப் போய்ட்டு வருது!"

அச்சகமே சிரித்தது. என் நெற்றியில் சாமியார் பூசிய சாம்பல் சிலுவை. தாளில் அவளுக்கும் அதே இடத்தில்.

தெயோபில் மட்டும் சிரிக்கவில்லை.

"சிலுவையை அழிக்கல பெரியம்மா. இருக்கட்டும்."

"யாருடா அவ? உண்மையைச் சொல்லு."

"கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு, நான் எப்ப வருவேன்னு நிக்கிறவ."

மரணம் அப்படித்தானே நிற்கும்? போடா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மணல் பேச்சை எடுக்கவே மறந்துபோயிற்று.

இல்லை ஆர்மெல், அது நீதான். அதே மூக்கு, அதே தாடை. உன் போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருப்பான்.

போட்டோ... இப்போதுதான் நினைவு வருகிறது. உன்னுடைய ஒரே போட்டோவை, சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், உன் கைக்கு அடியில் வைத்தது நான்தான்.